மொட்டைமாடிக்குப் போன மருந்துப் பெட்டி

ஒரு காட்டில் நாகரிகம் முற்றிப்போய், சிங்கமே ஆனாலும் டோக்கன் வாங்கினால்தான் வைத்தியம் என்றாகிவிட்டது. அந்தக் காட்டின் மூன்று மாடிப் பெரியாஸ்பத்திரியில், கீழ்த்தளத்துப் பாம்புக்கடி வார்டுக்கு மதுரவல்லி என்றொரு கீரி நர்ஸாக இருந்தாள். பாம்புக்கடிக்குக் கீரியைப் போட்டது அந்த நிர்வாகம் தெரியாமல் செய்த ஒரே நல்ல காரியம். விஷமுறிவு மருந்துப் பெட்டியை அவள் கட்டில் தலைமாட்டிலேயே வைத்திருப்பாள். கடிபட்டு வருகிற முயலுக்கோ மானுக்கோ படுத்த பத்தாவது வினாடியில் ஊசி ஏறிவிடும். ஒன்பது வருஷத்தில் அவள் கையில் ஓர் உயிர் போனதில்லை. இப்படிப்பட்டவளை நிம்மதியாக விட்டுவைப்பார்களா?

டீன் ஏகாம்பரம் ஒரு கருமந்தி. தன் நீண்ட வால்மேல் அவருக்கு அலாதிப் பெருமை. அவரைத் தேடி ஒருநாள் ஒரு நாரை வந்தார். வலசை போன தேசத்தில் லீன் மேலாண்மை என்ற வித்தையைக் கற்றுக்கொண்டு, கழுத்தில் ஸ்டாப்வாட்சோடு திரும்பியவர்.

"வீண் நடை, வீண் காத்திருப்பு, வீண் கையிருப்பு எல்லாத்தையும் ஒழிக்கணும் சார். வாரம் ஒரு முன்னேற்றம். இதுக்கு முடிவே கிடையாது," என்றார் நாரை.

முடிவே கிடையாது என்றதும் டீனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வார்டுக்கு வார்டு சுவரில் ஒரு வரைபடம் மாட்டினார்கள். எவ்வளவு நேரம் மிச்சம் பிடித்தோம் என்று வாராவாரம் கோடு ஏற வேண்டும். மூன்று வாரம் ஏறாவிட்டால் பிணவறைக்கு மாற்றல்.

இரண்டு வாரம் போயிற்று. "என்னம்மா, உன் வார்டுல கோட்டையே காணோம்?" என்றார் நாரை.

"இங்க குறைக்க ஒண்ணும் இல்லீங்களே ஐயா. பத்து வினாடிதான் ஆகுது," என்றாள் மதுரவல்லி.

"ஒண்ணும் இல்லைன்னா, நீ ஒண்ணும் செய்யலைன்னு அர்த்தம்," என்று நாரை இரண்டாவது பூஜ்யத்தைப் போட்டுவிட்டுப் போனார்.

அதிக நேரம் மிச்சம் பிடித்தவருக்கு வாராவாரம் தரும் சுழற்கோப்பை அந்த வாரம் ஸ்டோர்கீப்பர் சிங்காரத்துக்குப் போனது. சிங்காரம் ஒரு பெருச்சாளி. வாரம் ஒரு மூட்டையை நகர்த்தி, பஞ்சு தேடும் நேரம் அரை மணி குறைந்தது என்று எழுதிக்கொடுப்பான். அவன் சேர்த்துவைத்திருந்த குப்பை பத்து வருஷ முன்னேற்றத்துக்குத் தாங்கும். மதுரவல்லிக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அவனிடமே போய் யோசனை கேட்டாள்.

"உன் தப்பு என்ன தெரியுமாக்கா? எல்லாத்தையும் முன்னாடியே ஒழுங்கா வெச்சுட்ட. முன்னேறணும்னா முதல்ல கொஞ்சம் பின்னாடி போய் நிக்கணும்க்கா," என்றான் சிங்காரம்.

உயிரோடு வீட்டுக்கு அனுப்பியே பழகிய கையால் செத்தவர்களின் காலில் சீட்டுக் கட்டுவதை அவளால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை. மறுநாள் காலை மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மொட்டைமாடியில் வைத்தாள். படிக்கட்டு முழுக்கக் காத்திருக்கும் கூட்டம். ஒரு தளம் ஏறி இறங்கவே ஐந்து நிமிஷம் பிடிக்கும். ஆக, மருந்து வர இருபது நிமிஷம் என்று வரைபடத்தில் முதல் கணக்காக எழுதிவைத்தாள். மனசு கேட்காமல் ஒரே ஒரு குப்பியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டாள். வந்த நோயாளிகள் அந்த இடுப்பால்தான் பிழைத்தார்கள்.

அடுத்த வாரம் பெட்டி மூன்றாம் மாடிக்கு இறங்கியது. பதினைந்து நிமிஷம்! கோடு ஏறியது. அதற்கடுத்த வாரம் இரண்டாம் மாடி. பத்து நிமிஷம்! நாரை இறக்கை தட்டினார். தட்டியவர் கண்ணில் அவள் இடுப்புக் குப்பி பட்டுவிட்டது.

"வீண் கையிருப்பு!" என்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனார். அதற்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி கூடியது.

அன்று மத்தியானமே டீன், காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடி ஓ.பி. வரிசையில் நடந்தார். காலையிலிருந்து வயிற்றுவலியோடு காத்திருந்த விரியன் ஒன்றை மிதித்தும்விட்டார். அது அவர் வாலில் ஒரே போடு போட்டது.

தூக்கிவந்து கிடத்தினார்கள். மதுரவல்லியின் கை பழக்கத்தில் தலைமாட்டுக்குப் போயிற்று. ஒன்றுமில்லை. இடுப்புக்குப் போயிற்று. அங்கேயும் இல்லை. அழுதுகொண்டே படியேறி ஓடினாள். பத்து நிமிஷம் கழித்து ஊசி ஏறியது. உயிர் தங்கியது. வாலைத்தான் வெட்டவேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் டீன் கண் விழித்தார். மதுரவல்லி அவர் காலடியில் விழுந்தாள். "நான் பாவிங்க ஐயா. போன மாசம் வரைக்கும் பெட்டி இங்க தலைமாட்டுலதான் இருந்துச்சு. பத்து வினாடியில போட்டிருப்பேன். உங்க வால் போயிருக்காது."

டீன் நாரையைப் பார்த்தார். நாரை வரைபடத்தைப் பார்த்தார். "பத்து வினாடி எதுவும் இதுல இல்லையே சார்."

"அது வரைபடம் ஏற ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடிங்க!"

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி முன்னேற்றம் எப்படிம்மா இருக்கும்?" என்றார் டீன் கனிவோடு. "முதல் வாரம் கடிச்சிருந்தா இருபது நிமிஷம், நான் செத்தே போயிருப்பேன். உன் வரைபடம்தான் என்னைக் காப்பாத்துச்சு. வால் என்ன வால், யோசிச்சுப் பார்த்தா அதுவும் வீண் கையிருப்புதான்."

சுழற்கோப்பையை அவள் கையில் திணித்தார்கள். அவள் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அன்றே பெட்டியைப் பழையபடி தலைமாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பத்து வினாடி! கோடு உச்சியைத் தொட்டது.

நாரை பூரித்துப்போனார். "பிரமாதம்! சரி, அடுத்த வாரம் என்ன முன்னேற்றம்?"

மதுரவல்லி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பெரிய மலை இருந்தது.

நீதி: கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மருந்து உயிரை மட்டுமே காப்பாற்றும், மலைமேல் இருக்கும் மருந்துதான் வேலையைக் காப்பாற்றும்.