ராஜினாமா செய்த வக்கீலின் பெட்டி

ஏழு ஏரிகளும் ஒரே ஒரு வக்கீலும் கொண்ட வெண்ணாவல் நாட்டில், நிலம் வைத்திருந்த எல்லோருடைய பத்திரங்களும் அந்த வக்கீல் வீட்டு இரும்புப் பெட்டியில்தான் இருந்தன. வக்கீலின் பெயர் அறம்வளர்த்தார். "பத்திரம் என்னிடம் பத்திரம்" என்று ஊர் ஊராகச் சொல்லித் தேர்தலில் நின்றார். எதிர்த்து நிற்க நினைத்தவர்களின் பத்திரங்களும் அவரிடமே இருந்தபடியால் போட்டியின்றி வென்று, வயோதிக மன்னருக்குச் சட்ட அமைச்சரானார்.

அந்த ஆண்டு கார்த்திகைக் கடைசியில், நாலாம் ஏரியின் கீழ் இரண்டு ஏக்கர் வைத்திருந்த சாத்தப்பன் இறந்துபோனார். அவருக்கு ஒரே மகள், வடிவாம்பாள். நாற்பத்தைந்து வயது; பக்கத்து ஊர்ப் பள்ளியில் டீச்சர். காரியம் முடிந்த மறுநாளே கிராம அதிகாரி வந்தார். பத்திரம் காட்டாத வாரிசு கதிர் அறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நெல் அப்போது பால் பிடித்திருந்தது.

வடிவாம்பாள் அமைச்சரைப் பார்க்கப் போனாள். அறம்வளர்த்தார் அவளை உட்கார வைத்துத் துக்கம் விசாரித்தார்.

"அப்பா பத்திரம் உங்ககிட்டதானே இருக்குங்கய்யா?"

"வக்கீலிடம் இருக்கிறது, அம்மா. நான் அமைச்சர்."

"அந்த வக்கீல் எங்க?"

"ராஜினாமா செய்துவிட்டார். நாட்டுக்குப் பெரிய இழப்பு."

"அய்யா, பெட்டி உங்க வீட்லதான் இருக்கு. சாவி உங்க இடுப்புல தொங்குது."

அறம்வளர்த்தார் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "இதை நீங்கள் சுட்டிக்காட்டியது நல்லது. முறைகேட்டுக்கு இடம் கொடுக்கக் கூடாது" என்றார்.

மறுநாள் முதல் ஆணை வந்தது. வக்கீல் பெட்டியை வக்கீல் மட்டுமே திறக்கலாம். புதிய வக்கீலை நியமிக்க, பதவியிலிருக்கும் வக்கீல் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். வடிவாம்பாள் மனு எழுதினாள். அதைப் பரிவுடன் பரிசீலித்து இரண்டாவது ஆணை போட்டார்கள்: தான் வாரிசு என்று சொல்பவர் சொத்துப் பத்திரத்தைக் காட்டி அதை நிரூபித்தால், பத்திரம் உடனே வழங்கப்படும். இந்தச் சட்டம் உயர்ந்தோர் தாழ்ந்தோர் எல்லோருக்கும் பொது என்று அறம்வளர்த்தார் தம் கையாலேயே கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியை எல்லோரும் பாராட்டினார்கள்.

தை பிறந்தது. வாரிசு நிரூபிக்கப்படாத வயல்கள் வாடாமல் காக்கும் பொருட்டு, அரண்மனையே அறுவடை செய்துகொள்ளும் என்று மூன்றாவது ஆணை வந்தது.

சாத்தப்பன் தன் வயலுக்குள் செருப்புப் போட்டு இறங்கியதே இல்லை. பன்னிரண்டு சிப்பாய்கள் பூட்ஸ் காலோடு இறங்கி அறுத்தார்கள். வடிவாம்பாள் வரப்பில் நின்று பார்த்தாள்.

"தம்பி, அப்பாவுக்குப் படைக்கணும். ஒரு பிடி கதிர் மட்டும் குடுங்களேன்" என்றாள்.

வரப்போரம் அறுத்துக்கொண்டிருந்த சிப்பாய்க்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. "மனு குடுங்கக்கா. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். அந்த ஆண்டு அவளைப் போல முந்நூறு குடும்பங்கள் விளைந்ததை விட்டுவிட்டு ரேஷன் அரிசி வாங்கின. அரிசி அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து வந்தது. பையில் அமைச்சரின் படம் இருந்தது.

மாசியில் மன்னர் இறந்தார். இளவரசர் மகுடபதிக்கு இருபத்திரண்டு வயது. முடிசூட்டுக்கு நாள் குறித்தபோது, தலைமைச் செயலர் தொண்டையைச் செருமிக்கொண்டு நினைவூட்டினார்:

"இளவரசரும் ஒரு வாரிசு. நாட்டின் பத்திரத்தைக் காட்டியாக வேண்டும். சட்டம் எல்லோருக்கும் பொது."

"அதை யார் எழுதியது?" என்று இளவரசர் கேட்டார். எல்லோரும் அறம்வளர்த்தாரைப் பார்த்தார்கள்.

நாட்டுப் பத்திரமும் அதே பெட்டியின் அடியில்தான் இருந்தது. அவசரமாக நான்காவது ஆணை போட்டார்கள். அமைச்சர் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வக்கீலாகலாம். பெட்டியைத் திறந்து, பத்திரத்தைக் குடிமக்கள் முன் வாசிக்க வேண்டும். பெட்டியை அரண்மனை முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். வடிவாம்பாளும் முந்நூறு குடும்பங்களும் முன்வரிசையில் வந்து நின்றார்கள்.

அறம்வளர்த்தார் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். மேலே இருந்த கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். நாலாவது கட்டில் சாத்தப்பனின் பெயர் இருந்தது. வடிவாம்பாள் குனிந்து அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. எல்லோர் கண்ணும் பெட்டியின் அடியில் இருந்தது.

அடியிலிருந்த பழுப்பேறிய தாளை விரித்து அறம்வளர்த்தார் கம்பீரமாக வாசித்தார். "ஏழு ஏரிக்கு உட்பட்ட இந்த மண் முழுவதும் கீழ்க்கண்ட குடிகளுக்குச் சொந்தம். அவர்கள் வெளியூர் வேலைக்குப் போயிருக்கும் காலத்தில் காவல் பார்க்க ஓர் ஆளை அமர்த்தி, உட்கார ஒரு நாற்காலியும்..."

குரல் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மேல படிங்கய்யா" என்றாள் வடிவாம்பாள்.

"எழுத்து மங்கலாக இருக்கிறது."

"இங்கிருந்தே தெரியுதே."

அறம்வளர்த்தார் கடிகாரத்தைப் பார்த்தார். பாதி நேரம்கூட ஆகவில்லை. ஆனாலும் அங்கியைக் கழற்றி மடித்தார். "நேரம் முடிந்தது. நான் இப்போது அமைச்சர். வக்கீல் தாளை நான் வாசிப்பது சட்டவிரோதம்" என்று சொல்லித் தாளைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தார்.

வடிவாம்பாள் முன்னால் வந்து தாளை எடுத்தாள். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் பெயர்களை வாசிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் யாரோ ஒருவர், "எங்க பாட்டன்", "எங்க ஆளு" என்று கை தூக்கினார். ஒன்பதாவது பெயர் அவளுடைய கொள்ளுத் தாத்தாவுடையது. அதை வாசித்தபோது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

இளவரசர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார்.

"அப்போ நான் என்ன செய்யணும்?" என்று அவளிடம் கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

வடிவாம்பாள் பெயர்ப் பட்டியலிலிருந்து விரலை எடுக்காமல் அவரைப் பார்த்தாள்.

"கூட்டத்துல போய் நில்லுங்க தம்பி. இன்னும் நிறையப் பேரு வாசிக்க வேண்டியிருக்கு. உங்க குடும்பத்துப் பேரும் வருதான்னு பாப்போம்."