என் கிருமிகளுக்கு ஊற்றிய ஃபினாயில்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் உடம்பளவில் சௌக்கியம். மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலம்தானே?

முகத்தில் பூசினால் இளமை திரும்பும் என்று நான் ஆராய்ச்சி செய்யும் செடியின் இலைப்பொடியில் ஒரு டப்பா கேட்டிருந்தாய். அந்த இலையோடு பல வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். இப்போது காதோரம் மட்டும்தான் எனக்கு முடி. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? உடம்பின் செல்கள் துருப்பிடித்தது போல் கெடாமல் காக்கும் சத்து அதில் இருப்பது உண்மைதான். வேடிக்கை என்னவென்றால், கஷ்டப்படும் செடியில்தான் அது அதிகமாகச் சுரக்கிறது. அந்தக் கணக்குப்படி என்னைத்தான் காயவைத்து இடித்து உனக்கு அனுப்ப வேண்டும்.

ஏன் என்று கேள். ஆய்வகத்துக்குப் பின்னால் பழைய வண்டிக் கொட்டகை ஒன்று இருந்தது. இன்ஜின் ஆயில் கொட்டிக் கொட்டிக் கருத்துப்போன மண். எண்ணெயைத் தின்னும் கிருமிகளை அதில் விட்டு, மேலே அந்தச் செடியை நட்டேன். கிருமிகள் தின்னத் தின்ன மண் தேறும், செடியின் கஷ்டம் குறையும், இலையில் அந்தச் சத்தும் குறையும். இலையைச் சோதித்தே மண்ணின் நலத்தைச் சொல்லிவிடலாம். தண்ணீர் காட்டி, மண்ணைக் கிளறிக் காற்றுக் கொடுத்து, பெற்ற பிள்ளையைப் போல் இரண்டு வருடம் வளர்த்தேன். போன வாரம் மதிப்பீட்டுக் குழு வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பிடித்தால் ஆராய்ச்சி தொடரும்; இல்லாவிட்டால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் இயக்குநருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. வளாகம் முழுக்கச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டார். குழு வரும் நாள் காலையில் போய்ப் பார்த்தால் என் மண் எலுமிச்சை வாசனையில் கமகமக்கிறது. ஃபினாயில்! வாளி வாளியாக! செடிகளைக் களை என்று பிடுங்கிக் குவித்திருக்கிறார்கள்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"பின்ன? ஒரே நாத்தம், கிருமி வேற. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"அந்தக் கிருமியைப் பாக்கத்தானே சார் அவங்க வர்றாங்க!"

"அதுக்காக அழுக்காவா காட்ட முடியும்?"

குழுத் தலைவி வந்தார், மூச்சை இழுத்து முகர்ந்தார். "அடடா, கிருமி எவ்வளவு சுத்தமா வேலை செஞ்சிருக்கு! வாசனைகூட வருதே!" என்றார். இயக்குநர் என் காலை மிதித்தார். பேசாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். நம் அப்பா கொடுத்த வாய் சும்மா இருக்குமா? "மேடம், அது கிருமி இல்ல, ஃபினாயில்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். மறுநாளே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் இயக்குநர். "ஒரு பொய் சொல்லத் துப்பில்லையா உங்களுக்கு?" என்று கேட்ட என் மனைவி, பிறகு அவளே அழுதாள்.

அலுத்துவிட்டது அக்கா. செத்தவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்பதால் துக்கம் விசாரிக்கக்கூட ஆளில்லை. அத்தானின் இரும்புக் கடையில் கல்லாவில் உட்கார ஆள் வேண்டும் என்றாயே, நான் வருகிறேன். மாடி அறையை ஒழித்து வை.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு முத்தம். எல்லாரும் துருப்பிடிக்காமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மிச்ச சாமானை எடுக்கப் போனவன் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அன்றைக்கு வரவேற்புப் பலகையை என் மண்ணின் கோடியில்தான் நட்டிருந்தார்கள். பலகைக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அங்கே ஒரு சொட்டு ஃபினாயில்கூட ஊற்றவில்லை! சுத்தம் செய்தவர்களைத் திட்டிய வாயாலேயே வாழ்த்தினேன். அங்கே மண் பழுப்பாகியிருக்கிறது, அள்ளினால் பிசுக்கில்லை. பிடுங்காமல் விட்ட செடி ஒன்று தளிர்த்திருக்கிறது. இலையைச் சோதித்தேன், அந்தச் சத்து குறைந்திருக்கிறது; செடிக்கு ஒரு கஷ்டமும் இல்லை அக்கா! குழுத் தலைவிக்குப் போன் செய்தேன். "அந்தப் பொய் சொல்லத் தெரியாத ஆள்தானே? நாளைக்கே வர்றேன்" என்றார். மாடி அறையை ஒழிக்க வேண்டாம். இயக்குநரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சுத்தம் செய்துவிடுவார்.