பஞ்சுவுக்கு ஒரு தலைகீழ்ப் பாடம்

"இந்த வீட்டுல இனிமே ஒண்ணு நாய் இருக்கணும், இல்லைன்னா நான் இருக்கணும்! ரெண்டுல ஒண்ணு!"

காலை ஏழு மணிக்கு, கையில் பாதி ஷூவோடு நான் இப்படி முழங்கினேன். மீதி ஷூ சோபாவுக்கு அடியில் கிடந்தது. நடுவில் இருந்த கொஞ்சம், நாயின் வயிற்றில்.

மனைவி கூரையைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி நாயைப் பார்த்தாள்.

"என்ன யோசிக்கிற?"

"ரெண்டுல ஒண்ணுன்னு சொன்னீங்களே. இதுல போய் அவசரப்பட்டு முடிவெடுக்கலாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒன்றும் ஆகாது. அதுதான் என் கோபத்துக்கே காரணம்.

அவள் ஒரு தண்ணீர் மோட்டார் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார் கேட்கும் வேலையில் இருக்கிறாள். காலையிலிருந்து மதியம் வரை, மோட்டார் ஓடாதவர்கள் எல்லாம் போனில் அவள் காதில் கத்துவார்கள். எவ்வளவு கத்தினாலும் அவள் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு எனக்கும் அதையே சொன்னாள்.

"உங்க கோபம் எனக்குப் புரியுதுங்க. உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டேன்."

அந்த நாய் வந்த கதை தனி. என் மச்சினன் வேலை மாற்றலாகிப் போகும்போது, "ரெண்டே மாசம், மாமா" என்று ஒரு கூடையை என் கையில் திணித்தான். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஏதோ நெளிந்தது. மனைவி அதற்குப் பஞ்சு என்று பேர் வைத்தாள். ஒரே வாரத்தில் அது சோபாவுக்குள் இருந்த பஞ்சையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுத் தன் பேரைக் காப்பாற்றிக்கொண்டது. வந்து இப்போது ஏழு மாதம் ஆகிறது. நாய் வளர்த்த கடா மாதிரி முட்டுகிறது. மச்சினனைக் காணவில்லை.

நான் சாயும் சோபா மூலையில் அது சாய்கிறது. நான் பேப்பர் படிக்கும்போது பேப்பரின் மறுபக்கத்தை அது தின்கிறது. ஷூவிலும் இடது கால் ஷூவைத்தான் கடிக்கும். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பயிற்சிக் காரில் என் பக்கத்திலும் கிளட்ச் உண்டு, பிரேக் உண்டு. இடது கால் ஷூ இல்லாமல் நான் எப்படிக் கிளட்சை மிதிப்பது? இதையெல்லாம் அந்த நாய் திட்டம் போட்டுத்தான் செய்கிறது என்றேன். மனைவி அதையும் பதிவு பண்ணிக்கொண்டாள்.

அன்று மாலையே எனக்கு விடிவு பிறந்தது. அது கதவுக்கு அடியில் காகிதமாக வந்தது.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருக்குச் சர்க்குலர் என்று நாங்கள் பேர் வைத்திருக்கிறோம். மாடிப்படியில் ஒரு பல்பு மாற்றினாலும் வீட்டுக்கு வீடு சுற்றறிக்கை விடுவார். இந்த முறை எழுதியிருந்தார்: கீழ்வீட்டுப் பல் டாக்டர் கொடுத்த புகாரின் பேரில், மேற்படி நாயின் நன்னடத்தை வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு நேரில் பரிசோதிக்கப்படும். சொன்னால் உட்கார வேண்டும், சொன்னால் வாயை மூட வேண்டும், விருந்தாளி மேல் பாயக் கூடாது. தேறாவிட்டால் ஒரு வாரத்துக்குள் மேற்படி நாய் வெளியேற வேண்டும்.

நான் அந்தக் காகிதத்தை மூன்று தரம் படித்தேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன்.

மனைவியின் கண் கலங்கிவிட்டது. "என்னங்க இது? இது எங்க போகும்? தம்பி இருக்கிற இடத்துல நாய் வளர்க்க விடமாட்டாங்களே. நாய்களுக்குன்னே பயிற்சி குடுக்கிறவர் ஒருத்தர் இருக்காராம். கூப்பிட்டுப் பாப்போமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விவரம் தெரிந்தவன் எவனாவது வந்து அதைத் திருத்தித் தொலைத்துவிட்டால்?

"எதுக்கு வெளியாள்? நான் எதுக்கு இருக்கேன்? இருபத்திரண்டு வருஷமா ஊருக்கே சொல்லிக்குடுக்கிறவன். பிரேக் எது, ஆக்சிலேட்டர் எதுன்னு தெரியாம வந்தவங்க எல்லாம் இன்னைக்கு லாரி ஓட்டுறாங்க."

"நீங்களா? இதுக்கா?"

"உனக்காக."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க இவ்வளவு நல்லவர்னு எனக்கு இத்தனை நாளா தெரியாம போச்சே" என்றாள். எனக்கும்தான் தெரியாது.

"ஒரு கண்டிஷன். பயிற்சி முடியற வரைக்கும் நீ அதுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. ஒரு வண்டிக்கு ரெண்டு ஸ்டியரிங் ஆகாது."

"உங்க காருல ரெண்டு பிரேக் இருக்கே?"

"அது வேற!"

மறுநாள் காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் பாடம் ஆரம்பமானது. என் திட்டம் சுலபம். பஞ்சுவுக்கு எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லிக்கொடுப்பது. "உக்காரு" என்றால் ஆள் மேல் எகிற வேண்டும். "சும்மா இரு" என்றால் குரைக்க வேண்டும். "விடு" என்றால் கவ்வ வேண்டும். சரியாகச் செய்தால், அதாவது தப்பாகச் செய்தால், ஒரு பிஸ்கட்.

முதல் நாளே ஒரு சிக்கல். "உக்காரு" என்று சொல்லி எகிற வைத்துவிட்டேன். எகிறினதை இறக்குவது எப்படி? அது என் தோளில் இரண்டு காலையும் போட்டுக்கொண்டு மூக்கை நக்கியது. ஆகவே "குதி" என்றால் உட்கார வேண்டும் என்று வைத்தேன். குரைப்பதை நிறுத்த "குரை". கவ்வியதைக் கீழே போட "கவ்வு". பாடத்தை அரைகுறையாக விடுவது என் பரம்பரையிலேயே கிடையாது.

எனக்கு எரிச்சலூட்டியது என்ன தெரியுமா? அது கற்றுக்கொண்ட வேகம். இரண்டு கண்ணும் நல்லாத் தெரிகிற, படித்துப் பட்டம் வாங்கின மனுஷன், மூன்று வாரம் கழித்தும் வலது பக்கம் திரும்பு என்றால் வைப்பரைப் போடுகிறான். இந்த மிருகம் நாலு நாளில் ஆறு வார்த்தை கற்றுக்கொண்டது. ஒரு தப்பு இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதைவிடக் கோபம், ஒரு தரம் என்னையறியாமல் "அட, என் ராஜா!" என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, யாரும் இல்லை. கொடியில் துணி மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

இன்னொரு கொடுமை. அது என்மேல் பாசம் வைக்க ஆரம்பித்தது. நான் வேலை முடிந்து வந்தால் வாசலில் காத்திருந்தது. உன்னை ஊரை விட்டே துரத்தத் திட்டம் போட்டிருக்கிறேன், கொஞ்சமாவது மானரோஷம் இருக்கிறதா என்று கேட்டேன். வாலை ஆட்டியது.

வீட்டுக்குள் நான்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருந்தது. ஒருநாள் மாலை, திரைச்சீலை மாற்றுவது பற்றி மனைவி விடாமல் பேசிக்கொண்டே இருக்க, "சித்த சும்மா இரு!" என்று எரிந்து விழுந்தேன். பஞ்சு எழுந்து நின்று என்னைப் பார்த்து எட்டு வீடு கேட்கக் குரைத்தது.

"பாத்தீங்களா? எனக்காகக் கேக்கவும் ஒருத்தர் இருக்காங்க" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அந்தச் சிரிப்பைக் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது சர்க்குலர் வந்தார். கக்கத்தில் ஒரு ஃபைல். பின்னால் பல் டாக்டர், புத்தம் புதிய வெள்ளைச் சட்டையில். அந்தச் சட்டையைப் பார்த்ததும் எனக்குள் ஒரு பரவசம்.

"பரிசோதனையை ஆரம்பிக்கலாமா?" என்றார் சர்க்குலர்.

"தாராளமா." தொண்டையைச் செருமினேன். "பஞ்சு, உக்காரு!"

பஞ்சு பாய்ந்தது. பல் டாக்டரின் வெள்ளைச் சட்டையில் நான்கு இடத்தில் தடம் விழுந்தது.

"சும்மா இரு, பஞ்சு! சும்மா இரு!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பல் டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். சர்க்குலர் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்த ஃபைலைக் காட்டி நான் உரக்கச் சொன்னேன்: "விடு, பஞ்சு! அதை விடு!"

ஃபைல் பஞ்சுவின் வாய்க்குப் போனது. பதினோரு வருஷத்துச் சுற்றறிக்கைகள்.

நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். "நானும் ராப்பகலா உயிரைக் குடுத்துப் பாத்தேன் சார். என்ன பண்ண? அதுக்குக் குடுத்து வைக்கல. சட்டம்னா சட்டம். எப்ப வெளியேத்தணும்னு சொல்லுங்க, மனசைக் கல்லாக்கிக்கிறேன்."

அப்போதுதான் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே, ஒரு அவசரமும் இல்லாமல்.

"இவரு இப்படித்தான் சார். ஒரு விஷயத்தைப் பாதி காட்டிட்டு நிறுத்திடுவாரு. மீதியை நான் காட்டவா?" என்றாள். நாய் பக்கம் திரும்பினாள். "பஞ்சு, குரை."

சத்தம் நின்றது.

"கவ்வு."

ஃபைல் சர்க்குலரின் காலடியில் பத்திரமாக வந்து விழுந்தது.

"குதி."

பஞ்சு உட்கார்ந்தது. சிலை கூட அப்படி உட்காராது.

பல்லை நறநறவென்று கடித்தேன். "இந்தப் பழக்கம் எத்தனை நாளா இருக்கு?" என்று பல் டாக்டர் அக்கறையாகக் கேட்டார்.

"என்னம்மா இது?" என்றார் சர்க்குலர். "எல்லாம் நேர்மாறா இருக்கே?"

"அதான் சார் விஷயமே! திருடன் வந்தா நாய்கிட்ட என்ன சொல்லுவான்? சும்மா இருன்னுதானே சொல்லுவான்? சொன்னா இது இன்னும் நாலு மடங்கு குரைக்கும். கையைக் கவ்வினா விடு விடும்பான். விடாது. உக்காருன்னா மேல பாயும். சரியான வார்த்தை வீட்டு ஆளுக்கு மட்டும்தான் தெரியும். எல்லாம் இவரு மூளை சார். ரெண்டு வாரமா மொட்டை மாடியில ரகசியமா பண்ணியிருக்காரு. என்கிட்டக்கூட மூச்சு விடல."

சர்க்குலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் கோர்த்துவிட்டது.

"ஏன் சார், இவ்வளவு பெரிய விஷயத்தைச் செஞ்சுட்டு, நாயை வெளியேத்துங்கன்னு தியாகம் பேசுறீங்களே?"

நான் என்ன சொல்ல? ஆமாம் என்றால் நாய் தங்கும். இல்லை என்றால் என் மானம் போகும். பல் டாக்டர் கறைபட்ட சட்டையோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சட்டை கிடக்குது சார், விடுங்க" என்றார்.

அவ்வளவுதான். பஞ்சு தேறியது என்று எழுத, ஃபைலோடு அதன் வாய்க்குள் போன பேனாவைச் சர்க்குலர் தேடிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு நான் கத்தினேன். "உனக்கு எப்படிடி தெரியும்?"

"நாலாம் நாளு துணி எடுக்க மேல வந்தேன். நாலு போர்வைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தேன். அட, என் ராஜான்னு கொஞ்சினீங்களே, அதையும் கேட்டேன்."

"அப்பவே கேக்க வேண்டியதுதானே!"

"கேக்கத்தான் வந்தேன். ஆனா நீங்க ஒருத்தர்கிட்ட அவ்வளவு பொறுமையா பேசி நான் பார்த்ததே இல்லைங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பார்த்ததில்ல. கெடுக்க மனசு வரல."

எனக்குக் கோபம் வந்தது. கோபம்தான் அது. வேறொன்றும் இல்லை.

மாலையில் கதவுக்கு அடியில் மறுபடி காகிதம் வந்தது. பாராட்டுச் சுற்றறிக்கை. குடியிருப்பில் உள்ள ஏழு நாய்களுக்கும் இதே முறையில் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கப்படும். பயிற்சியாளர்: நான். இடம்: மொட்டை மாடி. நேரம்: தினமும் காலை ஆறு மணி. சங்கத்தின் சேவையாக.

ஏழு நாய்! தினமும்! போதும், இதற்கு மேல் தாங்காது. மானமாவது மண்ணாங்கட்டியாவது என்று ஒரே முடிவு. சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, சர்க்குலர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உட்காரக்கூட இல்லை. நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். திருடனும் இல்ல, ரகசியமும் இல்ல. அந்த நாயைத் துரத்தணும்னே நான் வேணும்னு தப்புத்தப்பா சொல்லிக்குடுத்தேன். எனக்கு நாயைக் கண்டாலே ஆகாது. நான் ஒரு அயோக்கியன் சார்!"

சர்க்குலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

"உங்க வீட்டம்மா மத்தியானமே போன் பண்ணிட்டாங்க சார். 'அவருக்குப் புகழ்ச்சி பிடிக்காது, நான் அயோக்கியன்னு சொல்லிக்கிட்டு சாயங்காலம் வந்து நிப்பாரு, ஒரு வார்த்தை நம்பாதீங்க'ன்னாங்க."