ஊதினால் கண் பிதுங்கும்

ட்ரம்பெட்டைக் காணவில்லை.

சேலைகளுக்குப் பின்னால்தான் வைத்திருந்தாள் காமினி. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் சுவர்கள் மெல்லியவை. அதனால் துணி அலமாரியைத் திறந்து, சேலைகளுக்குள் வாத்தியத்தின் வாயை நீட்டித்தான் தினமும் ஊதுவாள். இப்போது சேலைகள் மட்டும் தொங்கின.

"எங்க அது?"

யுகேந்திரன் சோபாவை விட்டு எழவில்லை. கைபேசியை மட்டும் மனைவியின் பக்கம் நீட்டினான்.

"முதல்ல இதப் படி."

"ட்ரம்பெட் எங்கன்னு கேட்டேன்."

"அரிசி டின்ல இருக்கு. படி லா."

படித்தாள். லண்டன் டாக்டர் ஒருவரின் எச்சரிக்கையாம். காற்று வாத்தியம் ஊதுகிறவர்களுக்கு முதலில் நெற்றி நரம்பு புடைக்கும். பிறகு கண் பிதுங்கும். கன்னம் தொங்கும், நுரையீரல் தேயும், குடல் இறங்கும். பெண்களுக்கு மற்றதும் இறங்கும். பத்துப் பேருக்கு அனுப்பி ஓர் உயிரைக் காப்பாற்றுங்கள்.

"எந்த மடையன் எழுதினான் இத?"

"பாத்தியா, பாத்தியா! நெத்தியில நரம்பு!"

"இது ஊதினதால வரல. உங்களால வந்திச்சு!"

ஞாயிற்றுக்கிழமை மாலை பாடாங் கோத்தா கடற்கரையில் அவளுடைய பாண்டுக் குழு வாசிக்கிறது. இருபத்தாறு பேர். நடுவில் ஒரு நிமிடம் மற்ற எல்லோரும் நிறுத்திவிட, காமினி மட்டும் எழுந்து நின்று ஊத வேண்டும். முப்பத்தெட்டு வயதில் அவளுக்கென்று கிடைத்திருந்தது அந்த ஒரு நிமிடம்தான். அதற்காக எட்டு மாதம், தான் வேலை பார்க்கும் பத்துகாவான் ஊர்த் தொழிற்சாலையில், சாப்பாட்டு வேளைகளில் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வியர்க்க வியர்க்க ஊதிப் பழகியிருந்தாள்.

மறுநாள் கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். செய்தியைப் படித்துச் சிரித்தார். தாராளமாக ஊதலாம் என்று கடிதம் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் காமினி அதை யுகேந்திரனிடம் நீட்டினாள்.

"உங்க குடும்ப குரூப்புல போடுங்க. இப்பவே!"

யுகேந்திரன் கடிதத்தைப் படமெடுத்துப் போட்டான். யாரும் படிக்கவில்லை. கிளினிக்கின் பெயரையும் காமினியின் பெயரையும் முத்திரையையும் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் பதினேழு கும்பிடு கைகள் வந்தன. ரோஜாப் படங்களில் 'விரைவில் நலம் பெறுக' வந்தது. 'எத்தனை நாள் எம்சி?' என்று ஒருவர் மருத்துவ விடுப்பை விசாரித்திருந்தார்.

சாயங்காலம் நிபோங் திபாலிலிருந்து யுகேந்திரனின் அக்கா வள்ளியம்மா பார்லித் தண்ணீரோடும் ஆரஞ்சுப் பழங்களோடும் வந்து இறங்கினார். அவர்தான் அந்தச் செய்தியைத் தம்பிக்கு அனுப்பியவர். வந்ததும் காமினியின் வயிற்றைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் இறங்கியிருக்கு?"

"ஒண்ணும் இறங்கல அண்ணி!"

"கத்தாத. கத்தினா இன்னும் இறங்கும்."

காமினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சமையலறைக்குப் போய் டின்னிலிருந்து ட்ரம்பெட்டை உருவிக்கொண்டு வந்து, கூடத்தின் நடுவில் நின்றாள்.

"நல்லாப் பாருங்க. எது பிதுங்குதுன்னு பாருங்க."

வாத்தியத்தை உதட்டில் வைத்து ஆழமாக மூச்சை இழுத்தாள். ஒரு நாள் முழுக்க அரிசிக்குள் கிடந்த வாத்தியம். நாலைந்து அரிசி மணிகள் நேராகத் தொண்டைக்குள் போயின.

முகம் சிவந்தது. நரம்பு புடைத்தது. கண்கள் பிதுங்கியே விட்டன.

"ஐயோ, டாக்டரு சொன்ன அதே வரிசை!" என்று அலறினார் வள்ளியம்மா. அலறிக்கொண்டே வீடியோவும் எடுத்தார்.

காமினி இருமி முடிப்பதற்குள் வீடியோ யார் யாருக்கோ போய், பாண்டு மாஸ்டர் திருநாவுக்கரசுக்கும் போய்விட்டது. அவரே கூப்பிட்டார்.

"ஒரு பத்து நாள் ரெஸ்ட் எடும்மா. அந்த ஒரு நிமிஷத்த ஹஸ்ருல் ஊதிக்குவான்."

"சார், அது அரிசி சார்!"

"எதுவா இருந்தாலும் ஒடம்பு முக்கியம்மா."

"அப்ப அந்த மெசேஜ் பொய்னு, அத எழுதினவனே சொன்னா?"

"சொல்லட்டும், பாப்போம்" என்று வைத்துவிட்டார்.

காமினி அழவில்லை. அழுகிற கட்டத்தைத் தாண்டியிருந்தாள்.

"இத எழுதினவன் யாரு அண்ணி?"

"எனக்கு சூலியா தெரு கமாலுதீன்தான் அனுப்புனாரு. ஆனா குடல் வரைக்கும்தான் வந்திச்சு. மத்தத நான் சேத்தேன், பொம்பளைங்களுக்கு உபயோகமா இருக்கட்டும்னு."

சனிக்கிழமை காலை, சூலியா தெருவில் காசு மாற்றும் கடையின் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினாள். கமாலுதீன் நிமிர்ந்தார்.

"நல்ல விஷயம்னுதானே அனுப்புனேன் தங்கச்சி."

"ஒருத்தியோட ஒரு நிமிஷத்தத் திருடுறது நல்ல விஷயமாண்ணே? லண்டன்ல எந்த டாக்டர் சொன்னான்?"

பின்னால் டாலரோடு நின்ற வெள்ளைக்காரர் இரண்டடி தள்ளி நின்றார்.

"லண்டன் டாக்டர் நான் போட்டது. அப்பத்தானே ஜனங்க நம்புவாங்க? என் மச்சினிச்சி நூருல் அனுப்பினப்ப ரெண்டு வரிதான் இருந்திச்சு."

"எந்த நூருல்?"

"ஒங்க புளோக்குதான். ஒங்க வீட்டுக்கு நேர் மேல."

வீடு திரும்பும் வழியெல்லாம் காமினி வார்த்தைகளைத் தீட்டிக்கொண்டே வந்தாள். தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்று சொன்னால்கூட விடக்கூடாது. கெஞ்சினால் இன்னும் விடக்கூடாது. மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறினாள். நாலு மாடியும் ஏறி, தன் வீட்டையும் தாண்டி, அடுத்த மாடிக் கதவை இடித்தாள்.

மசாலாக் கையோடு நூருல் கதவைத் திறந்தாள்.

"அடடே அக்கா! ஒடம்பு எப்படி இருக்கு? வீடியோ பாத்து துஆ செஞ்சேன்."

"ஒடம்பா? ஒருத்தி ஆசப்பட்டு ஊதுறா. அவளுக்கு அது பிடிச்சிருக்கு. ஒனக்குச் சத்தம் பிடிக்கலன்னா வந்து நேரா சொல்லணும். கண்ணு பிதுங்கும், குடல் இறங்கும்னு பயமுறுத்தி நிறுத்துவியா? அது எவ்வளவு கேவலமான புத்தி தெரியுமா?"

"நானா? எனக்கு வந்ததத்தான் அனுப்புனேன்."

"அப்ப எழுதினது யாரு? பேரச் சொல்லு. இன்னிக்கே அவ மூஞ்சியப் பாக்கணும்!"

கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நூருலின் மகள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். நூருல் கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் விளங்காமல் காமினியைப் பார்த்தாள்.

"என்னக்கா, மறந்துட்டீங்களா? கொரோனா எம்சிஓ நேரத்துல எல்லாரும் வீட்டுல அடைஞ்சு கெடந்தப்ப, எங்க அதிரா ஒங்க தலைக்கு மேல புல்லாங்குழல் பழகுனாளே, அப்ப ஊதினா கண்ணு பிதுங்கும்னு ரெண்டு வரி நீங்கதானே எழுதி அனுப்புனீங்க. அன்னிக்குப் பயந்து விட்டவதான், இன்னும் அதத் தொடவே இல்ல!"