வணக்கத்தோடு நின்றுபோன லப்டொப்

புரோகிராமர்கள் இரண்டு பேர் சந்தித்தால், சொந்த ஊர் எது என்று விசாரித்து முடிக்குமுன்னரே, கொம்பியூட்டரை இயக்குவது "விண்டோஸா, லினக்ஸா?" என்ற கேள்வி வந்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் மனிதர்களைப் போல நடந்துகொள்வதில்லை. கல்யாண வயதில் நான் லினக்ஸ் கட்சி. (ஓட்டுப் போடுகிற கட்சியில்லை, சுவரில் போஸ்டர் ஒட்டுகிற கட்சி.)

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு அம்மா என்னைப் பெண் பார்க்கக் கூட்டிப்போன ஞாயிற்றுக்கிழமையும் என் சட்டைப் பையில் இரண்டு பென் ட்ரைவ்கள் இருந்தன. ஒன்றில் லினக்ஸ், மற்றது வெறும் பென் ட்ரைவ். அவற்றை வைத்து என்ன செய்வதாக உத்தேசம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பெண்ணின் பெயர் ஆரணி. அவரும் எங்கள் துறைதான். பேச்சு ஏறக்குறைய முற்றாகிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு சோதனை: கனடாவில் இருக்கும் அவருடைய பெரியப்பா என்னை வீடியோவில் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அதுவும் நாலரைக்கு ராகுகாலம் தொடங்குமுன். போனில் தெரிகிற பொடி முகங்கள் பெரியப்பாவுக்குப் பிடிக்காது என்பதால் மேசையில் பழைய லப்டொப் ஒன்றைத் துடைத்து வைத்திருந்தார்கள். எனக்கு ஆரணியைப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. அங்கேதான் வினை தொடங்கியது.

"அண்ணை வரக் கொஞ்ச நேரம் செல்லும். அதுவரைக்கும் நீங்கள் ரெண்டு பேரும் கதையுங்கோ," என்றார் ஆரணியின் அப்பா.

உலகத்தில் எத்தனையோ இருக்க, நான் கேட்டது இது:

"நீங்கள் என்ன ஒப்பரேட்டிங் சிஸ்டம் பாவிக்கிறனீங்கள்?"

"வீட்டிலை விண்டோஸ்தான்."

விண்டோஸின் பாவங்களை நான் சொல்லி முடிக்கையில் கட்லட் ஆறிவிட்டது. மேசைக்கடியில் அம்மா என் காலை மிதித்துக் களைத்துவிட்டார்.

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்," என்றார் ஆரணி. "நான் வேலையிலை எழுதுற சிப்புக்கு ஒப்பரேட்டிங் சிஸ்டமே இல்லை. நேரா அசெம்பிளியிலைதான் எழுதுறனான்."

அசெம்பிளி என்பது இயந்திரத்தின் காதுக்குள் நேரடியாக ஓதுகிற மொழி. இந்த எண்ணை எடு, அங்கே வை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அது தெரிந்தவரைக் கண்டால் என்னைப் போன்றவர்கள் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பதுதான் முறை.

"அசெம்பிளியோ? அது எனக்குத் தண்ணி பட்ட பாடு," என்றேன்.

(எனக்குத் தெரிந்தது ஒரேயொரு புரோகிராம். கம்பஸில் படிக்கும்போது பக்கத்து மேசைக்காரனைப் பார்த்து எழுதியது. கொம்பியூட்டரைப் போட்டதும், வேறெதுவும் வருமுன்னர், திரையில் 'வணக்கம்' என்று காட்டும். காட்டிவிட்டு அப்படியே நிற்கும்.)

"செய்து காட்டுங்கோவன்," என்றார் ஆரணி. அவர் முகத்தில் இருந்தது சிரிப்பு. நான் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"தம்பி, லப்டொப்புக்கு ஒண்டும் ஆகாதே?" என்று அவருடைய அப்பா கேட்டார்.

"அதின்ரை டிஸ்க்கைத் தொடவே மாட்டன், அங்கிள்."

லினக்ஸ் பென் ட்ரைவால் லப்டொப்பை எழுப்பி, புரோகிராமைத் தட்டி, வெறும் பென் ட்ரைவில் பதியச் சொன்னேன். அப்படித்தான் நினைத்தேன். பெருமையில் கண் மறைத்து, லப்டொப்பின் சொந்த டிஸ்க்கின் தலையிலேயே பதியச் சொல்லிவிட்டேன். லினக்ஸ் மறுபேச்சில்லாமல் செய்தது. (விண்டோஸ் என்றால் "நிச்சயமாகவா?" என்று ஒரு தரம் கேட்டிருக்கும். அதை அந்த வீட்டில் ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை.)

லப்டொப்பை நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். வணக்கம் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவின் முகம் மலர்ந்தது. பென் ட்ரைவ்கள் இரண்டையும் கழற்றிவிட்டு மறுபடி போட்டேன். வணக்கம். இன்னொரு தரம் போட்டேன். வணக்கம். அதற்குப் பின்னால் வரவேண்டிய விண்டோஸ் வரவேயில்லை.

"வணக்கம் சொன்னது காணும், தம்பி. அண்ணையை எடுங்கோ," என்றார் ஆரணியின் அப்பா.

அதற்குள் பெரியப்பாவே அப்பாவின் போனில் வந்துவிட்டார். விடியற்காலையிலேயே கோட்டும் டையுமாக இருந்தார்.

"லப்டொப்புக்கு என்ன நடந்தது?"

"மாப்பிள்ளை கை வச்சவர், அண்ணை."

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"கொம்பியூட்டர் வேலைதான்."

பெரியப்பா டையைத் தளர்த்தினார். அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. வெட்கத்தைவிடக் கவலைதான் அதிகமாக இருந்தது.

ஆரணி போனை வாங்கினார். "டிஸ்க்கின்ரை முதல் துண்டு மட்டும்தான் போயிருக்கு, பெரியப்பா. மற்றதெல்லாம் அப்பிடியே இருக்கு. நான் திருத்தித் தருவன்."

"அது சரி, பிள்ளை. ஆளை என்ன செய்யிறது?"

ஆரணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆளையும் திருத்தலாம்," என்றார். "ராகுகாலத்துக்கு முன்னம் சொல்லிப்போட்டன்."

பெரியப்பா கல்யாணத்துக்குக் கனடாவிலிருந்தே வந்தார். மணவறைக்கு முன் என்னைக் கண்டதும் கை குலுக்கவில்லை. இரண்டு கைகளையும் கூப்பி, "வணக்கம்" என்றார். என்றவர் இமை வெட்டாமல் அப்படியே நின்றுவிட்டார். ஆரணி எழுந்து போய் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் அசைந்தார்.

அன்றிலிருந்து மனைவி வீட்டார் அத்தனை பேரும் எனக்கு இப்படித்தான். போன கிழமைகூட, புறக்கோட்டை பஸ் நிலையத்து நெரிசலுக்குள் மச்சான் என்னைக் கண்டு, கைகூப்பி, சிலையாக நின்றார். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் என்னை ஏதோ பெரிய மனிதர் என்று நினைத்து அவரும் கும்பிட்டுவிட்டுப் போனார். நானும் திருப்பிக் கும்பிட்டேன். விளக்கம் சொல்லப் போனால் அசெம்பிளியிலிருந்து தொடங்க வேண்டுமே.