அம்மா கத்துன செவப்பு

கண்ணாடி போடாத கிழவியைப் பூச்சி பிடிக்க அனுப்பக் கூடாது. என்னை யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் போனேன்.

எனக்குப் படிப்பு ரெண்டாங்கிளாசோடு சரி. (அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தேன்.) ஆனால் துணியின் நிறம் பார்ப்பதில் எங்கள் ஊர் நெருப்பெரிச்சல் பக்கம் என்னை மிஞ்ச ஆளில்லை. வேறு யாரும் இதைச் சொல்லாததால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் மகன் செந்தில் வெகுகாலம் அடுத்தவர்களுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுத்தவன். முதன்முதலாகச் சொந்தமாக ஓர் ஆர்டர் பிடித்திருந்தான். குழந்தைகளுக்குச் சிவப்புச் சட்டை. சாயம் போட்டு வந்த துணியைப் பார்க்க, வாங்குகிற கம்பெனி சார்பில் சென்னையிலிருந்து ஓர் அம்மணி வந்தார். ஏசி ரூமில் லைட்டுக்குக் கீழே எங்கள் துணியையும், அவர்கள் கொடுத்த மாதிரித் துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஷேடு டல்லா இருக்கே சார்."

செந்திலுக்கு முகம் செத்துவிட்டது. துணி ஆகாதென்றால் ஆர்டர் போச்சு. மறுபடியும் ஊரான் துணிதான் தைக்கணும்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "ஏனுங் அம்மணி, பட்டுப்பூச்சி பாத்திருக்கீங்களா? மழை பேஞ்சா மண்ணுக்குள்ளிருந்து வருமுங்க. அச்சு அசலா அந்தச் செவப்புங்க இது. இருங்க, ஒண்ணு புடிச்சுட்டு வாறேன்" என்று எழுந்தேன்.

"அம்மா, செத்த உக்காருங்க" என்றான் செந்தில், பல்லைக் கடித்துக்கொண்டு.

உட்கார்ந்தால் அது நானா?

எங்கள் தையல் யூனிட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மணல் தரை உண்டு. மழையே பெய்யாத காலத்தில் பட்டுப்பூச்சி ஏது என்று என் மண்டைக்கு எட்டவில்லை. சிவப்பாக, பட்டு மாதிரி முடியோடு ஒன்று அங்கே ஓடியது. பட்டுப்பூச்சி மெதுவாக ஊரும். இது ஷிப்டுக்கு லேட்டானவள் மாதிரி அங்கேயும் இங்கேயும் ஓடியது. பின்பக்கம் கறுப்பு, அதில் வெள்ளைப் பொட்டு வேறு. கண்ணாடி போட்டிருந்தால் தெரிந்திருக்கும். (அது பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது.) சின்னப் பிள்ளையில் செய்த மாதிரியே எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

கைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம். பூச்சி கத்துமா என்று யோசிப்பதற்குள் கொட்டிவிட்டது. மிளகாயை அரைத்து ஊசியில் ஏற்றிக் குத்திய மாதிரி இருந்தது. பூச்சியைக் கீழே உதறிவிட்டு அடுத்து நான் கத்தினேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெஷினெல்லாம் நின்றுவிட்டது.

செக்கிங்கில் வேலை பார்க்கும் தூத்துக்குடி மரியாதான் முதலில் ஓடி வந்தாள். "என்னத்தப் பிடிச்சிய பாட்டி? தேளையா?" என்று கேட்டபடி பூச்சியைச் செருப்புக் காலால் மிதித்தாள். காலை எடுத்ததும் அது பாட்டுக்கு எழுந்து ஓடியது. மறுபடி மிதித்தாள். மறுபடியும் ஓடியது. "எம்மாடி! இத இரும்புல செஞ்சு விட்டுருக்காவளா?"

பின்னாலேயே செந்திலும் சென்னை அம்மணியும் ஓடி வந்தார்கள். பதற்றத்தில் அம்மணி துணியையும் மாதிரித் துண்டையும் கையிலேயே பிடித்து வந்திருந்தார். என் கையைப் பார்க்கக் குனிந்தவர் தன் கையைப் பார்த்தார். உச்சி வெயிலில் துணியும் மாதிரித் துண்டும் ஒரே சிவப்பு!

"சார், மேட்ச் ஆகுதே! பகல் வெளிச்சத்துல சேர்ந்தாப் போதும். ஓகே சார்."

ஏமாற்றியது உள்ளே இருந்த லைட்டுதான். வெயிலில் வைத்துப் பார்க்க அதுவரை ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஏசியை விட்டு வெளியே வர யாருக்கு மனசு வரும்?

அம்மணி போனில் தேடி, அது எறும்பு மாதிரி இருந்தாலும் குளவி ஜாதி என்றார். மண்ணுக்குள் கூடு கட்டுகிற தேனீ, வேறு குளவிகளின் வீட்டுக்குள் இது புகுந்து முட்டை வைத்துவிடுமாம். அதன் குஞ்சு அந்த வீட்டுக் குஞ்சைத் தின்று வளருமாம். ஆணுக்கு றெக்கை உண்டு, கொடுக்கு இல்லை. பொட்டைக்குக் கொடுக்கு உண்டு, றெக்கை இல்லை. (ஆண்டவன் எங்கள் ஊட்டைப் பார்த்துத்தான் படைத்திருக்கிறான்.)

மரியா அன்று பொழுது சாய்கிற வரை என் கையைத் தண்ணீரில் முக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பெற்ற பிள்ளைக்குக்கூட அந்தப் பொறுமை வராது. அவளை நினைக்காமல் நான் சோற்றில் கை வைப்பதில்லை.

அந்த மணல் தரைக்கு சிமெண்ட் போட செந்தில் ஆள் கூட்டி வந்தான். "சாமி, என்னைக் கொட்டி நமக்குச் சோறு போட்டவ அங்க குடியிருக்கா, விட்டுரு" என்றேன். விட்டுவிட்டான்.

அந்த ஆர்டர் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த நிறத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஏதோ இருக்கிறது, யாருக்கும் வாயில் நுழையாது. இன்றைக்கும் சாயப்பட்டறைக்காரர் போனில் கேட்பது இதுதான்:

"ஏனுங் செந்திலு, அம்மா கத்துன செவப்பு இந்த வாட்டி எத்தன கிலோ போடட்டுமுங்க?"