மூடியில் பாதி, அடியில் மீதி

அன்புத் தங்கைக்கு, உன் அண்ணன் எழுதிக்கொள்வது.

நான் நலம். உன் அண்ணி நலம். நீயும் நலமாகவே இருக்க வேண்டும்; வெள்ளிக்கிழமை காலையில் நீ அனுப்பிய ஒன்பது நிமிடக் குரல் செய்தியை முழுவதும் கேட்டேன், மூச்சு விடாமல் அவ்வளவு நேரம் பேசுகிறவளுக்கு உடம்பில் குறை ஒன்றும் இருக்க முடியாது. நான் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். எழுத்தில் கேட்டதால் எழுத்திலேயே பதில் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். பெட்டி செய்வதை நிறுத்தவும் மாட்டேன். மிச்சமுள்ள அட்டைகளைக் கொளுத்தச் சொன்னாயே, அதுவும் நடக்காது. முப்பத்தாறு வருடம் நில அளவையாளனாக வேலை பார்த்தவன் நான். பங்காளிகள் இரண்டு பக்கமும் கட்டையோடு நிற்க, நடுவில் அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உன் குரல் செய்திக்கா பயப்படப் போகிறேன்?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீ வரிசையாகச் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் பணி ஓய்வு விழாவுக்கு வருகிற நாற்பது பேருக்கும் ஆளுக்கு இரண்டு சாக்லேட் வைத்துக் கொடுக்கப் பெட்டி வேண்டும் என்று கேட்டது யார்? நீ. கடையில் விற்கிற பெட்டி எல்லாம் மருந்து டப்பா மாதிரி இருக்கிறது, நீங்க பழைய அட்டையில செய்றதுதான் அண்ணா அழகு என்று சொன்னது யார்? அதுவும் நீ. என்னிடம் அவ்வளவு அட்டை இல்லை என்றேன். இருந்ததை எல்லாம் ஏற்கெனவே வெட்டித் தீர்த்துவிட்டேன். உன் அண்ணியின் ஸ்கேன் உறை, பக்கத்து வீட்டுக்காரரின் சுவர்க் காலண்டர் உட்பட. அந்தக் காலண்டரில் இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது என்று அவர் சண்டைக்கு வந்தது தனிக் கதை. அப்போது நீதான் சொன்னாய், உங்க வீட்டுப் பரண்ல என் தகரப் பெட்டி பதினோரு வருஷமா கிடக்கு, அதுல எல்லாம் பழைய வாழ்த்து அட்டைதான், எடுத்துக்கோங்க என்று. ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டேன், பிரித்துப் பார்க்கட்டுமா என்று. அதுல என்ன இருக்கப் போவுது, வெட்டுங்க என்றாய். உன் அண்ணி பக்கத்தில்தான் நின்றாள். சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறாள், நீ கேட்டால் மட்டும் மறந்துவிட்டது என்பாள், அது வேறு விஷயம்.

பெட்டி எப்படிச் செய்வது என்று உனக்குத் தெரியாது, அதனால்தான் குற்றம் சொல்கிறாய். அட்டையை மடிப்போடு இரண்டாக வெட்ட வேண்டும். பூவும் படகும் அச்சிட்ட முன்பாதி மூடி ஆகும். பின்பாதி அடி ஆகும். அடியை நீளத்தில் மூன்று மில்லிமீட்டர், அகலத்தில் மூன்று மில்லிமீட்டர் குறைத்து வெட்டினால்தான் மூடி அதன் மேல் பதமாக உட்காரும். மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோட்டை அழுத்திக் கீறி, நான்கு மூலையிலும் கத்தரித்து, மடித்துப் பசை போட வேண்டும். அட்டைக்குள்ளே யார் என்ன எழுதியிருந்தாலும் அது பெட்டிக்கு உள்பக்கம் போய்விடும். சாக்லேட் தின்கிறவன் சாக்லேட்டைத்தான் பார்ப்பான் என்று நினைத்தேன். மனிதர்கள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது. இன்னொன்று, ஒரே அட்டையின் மூடியையும் அடியையும் ஜோடி சேர்த்தால் கண்ணுக்குச் சப்பென்று இருக்கும். அதனால் நீல மூடிக்கு மஞ்சள் அடி, பச்சை மூடிக்குச் சிவப்பு அடி என்று கலந்து போட்டேன். எந்த அட்டையின் மூடி எந்த அட்டையின் அடியோடு போனது என்பதை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே எண் போட்டு, என் முகவரி முத்திரையும் குத்தினேன். வேலை என்றால் அப்படித்தான்.

விழாவில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் நீ மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டல மேலாளர், அதாவது மாப்பிள்ளையின் பழைய மேனேஜர், அந்த லாரி அலுவலகமே பெயர் சொல்லப் பயந்து ‘பெரியவர்’ என்று கூப்பிடுகிற மனிதர், தன் பெட்டியைத் திறந்தார். ஒரு சாக்லேட்டை வாயில் போட்டார். மூடியைத் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் மெல்லுவதை நிறுத்திவிட்டார். அரை மணி நேரம் பேசப் போவதாகச் சொல்லியிருந்தவர், எழுந்து, இவர் நிறைய உழைத்தார் என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இறங்கும்போது மாப்பிள்ளையிடம் மூடியைக் காட்டி, இது உங்க கையெழுத்துதானே என்று கேட்டார். மாப்பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. ஆமாம் என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை. முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால், நீ பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தபோது உன் பிறந்தநாளுக்கு அவர் அனுப்பிய அட்டை அது.

அந்த மூடியில் இருந்தது இவ்வளவுதான். ‘எங்க மேனேஜர் மாதிரி ஒரு மடையனை நான் இந்த ஜென்மத்துல பார்த்ததில்ல. போன வாரம் அவர் என்ன பண்ணினார் தெரியுமா’. அதோடு பக்கம் முடிந்துவிட்டது.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருடம் புதிய ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலைக்கு மாப்பிள்ளையை வைத்துக்கொள்வதாக இருந்தார்கள். அதில் பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மனிதர் நாள் முழுக்க வீட்டில்தான். ஏற்கெனவே ஒரு வாரம் விடுப்பில் இருந்தபோது உன் சமையலறை டப்பாக்களை எல்லாம் சரக்கு ஏற்றுகிற வரிசையில் அடுக்கிவைத்ததையும், நீ கடுகு தேடிக் கண்ணீர் விட்டதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன். எழுதினது நானா? அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தது நானா? வெட்டச் சொன்னது நானா? நான் அளந்தேன். அவ்வளவுதான். அளவில் ஒரு நூல் பிசகியிருந்தால் சொல், காலில் விழுகிறேன்.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் பெரியவர். கையில் அந்த நீல மூடி. பெட்டிக்குக் கீழே இருந்த முகவரி முத்திரையைப் பார்த்து வந்திருக்கிறார். கூடத்தில் அட்டைத் துணுக்கு இல்லாத நாற்காலி ஒன்று தேடி, கிடைக்காமல், உன் அண்ணி ஒன்றைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கொடுத்தாள். நான் பதிலை மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன், உனக்குச் சொன்ன அதே பதில்தான், இன்னும் கொஞ்சம் காரமாக. அவர் திட்டவில்லை. மூடியை என் முன்னால் வைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மீதி எங்க?”

எனக்குப் புரியவில்லை.

“முப்பது வருஷமா என் முன்னாடி எல்லாரும் தலையை ஆட்டிட்டுத்தான் நின்னிருக்காங்க. மடையன்னு ஒருத்தன் எழுதியிருக்கான். நான் என்ன பண்ணினேன்னு எழுதியிருக்கான். அது தெரியாம மூணு நாளா தூக்கம் இல்ல. மீதியைக் கொடுங்க.”

மரியாதையாகச் சொல்கிறேன், எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நோட்டை எடுத்தேன். இருபத்தேழாம் அட்டை: மூடி, ஆறாம் பெட்டி, அடி, பதினான்காம் பெட்டி. அவர் என் நோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு ஆள் இல்லையே என்றார். நீ இதுவரை ஒரு தடவையாவது அப்படிச் சொல்லியிருக்கிறாயா?

பதினான்காம் பெட்டி யாரிடம் போனது என்பது நோட்டில் இல்லை, கொடுத்தது நீ. அவர் போனை எடுத்து அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பெட்டியைக் கவிழ்த்து அடியில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர் குரல் கேட்டால் யார்தான் நிதானமாக இருப்பார்கள்? பாதிப் பேர் சாக்லேட்டோடு கவிழ்த்திருக்கிறார்கள். ஏதோ சோதனை நடக்கிறது என்று நினைத்து, பெட்டியே வாங்கவில்லை என்று சத்தியம் செய்தவர்கள் இரண்டு பேர். பத்தொன்பதாவது ஆள் எடைமேடைக்காரர். லாரிகளை எடை போடுகிற அந்தச் சின்ன அறையில் ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு வேலை. பதினாலு சார் என்றார்.

பெரியவர் காரிலேயே போனோம். எடைமேடைக்காரர் அந்தப் பெட்டியில் தூண்டில் முள் போட்டு வைத்திருந்தார். லாரி வராத நேரத்தில் பின்னால் இருக்கிற குளத்தில் மீன் பிடிப்பாராம். பெரியவரைப் பார்த்ததும் அதை மறைக்கப் பார்த்து, ஒரு முள்ளைத் தன் கட்டைவிரலிலேயே ஏற்றிக்கொண்டார். பெரியவர் அதைக் கவனிக்கவே இல்லை. முட்களை மேசையில் கொட்டிவிட்டு, அடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சத்தமாகவே படித்தார்.

‘ஒரு லாரி நிறையக் கண்ணாடிச் சரக்கை நான் வேற ஊருக்கு அனுப்பிட்டேன். பாதி உடைஞ்சுபோச்சு. தப்பு முழுக்க என்னுது. மேலிடத்துல கேட்டப்ப, மேனேஜர், நான்தான் அனுப்பச் சொன்னேன்னு எழுதிக் கொடுத்து மெமோ வாங்கிக்கிட்டார். குழந்தை பிறக்கப் போற நேரத்துல உனக்கு இது வேண்டாம்னு சொல்றார். இப்படி ஒரு மடையன் இருப்பானா.’

லாரி ஒன்று எடைமேடையில் ஏறி, ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது. யாரும் வெளியே போகவில்லை. பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “அன்னைக்கு நல்ல மழை. மெமோவை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, குடையில்லாமலே வீட்டுக்கு நடந்தேன்” என்றார். வீட்டில்கூட அதை யாரிடமும் சொல்லவில்லையாம். எடைமேடைக்காரர் விரலில் முள்ளோடு அழுதார்; எதற்கு அழுதார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெரியவர் கேட்டுக்கொண்டபடி என் மேசைக்குத் திரும்பி வந்து, அந்த மூடியையும் அடியையும் ஒரே பெட்டியாகச் சேர்த்துக் கொடுத்தேன். மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, கச்சிதம். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசலில் நின்று, மாப்பிள்ளைக்கு இரண்டு வருட உத்தரவு நாளைக்கே வந்துவிடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே, தங்கையே, யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீயே சொல். நான் வெட்டாமல் இருந்திருந்தால் அந்த அட்டை பரணில் கிடந்து பூச்சிக்கு இரையாகியிருக்கும். ஒரு மனிதர் தான் செய்த நல்ல காரியத்துக்கு ஒரு சாட்சி இருந்தது என்றே தெரியாமல் ஓய்வு பெற்றிருப்பார். உன் டப்பாக்கள் மறுபடி சரக்கு வரிசைக்குப் போயிருக்கும். இது அத்தனையும் என் கத்தரிக்கோலால் வந்தது. உன் வீட்டில் இரண்டாவது தகரப் பெட்டி ஒன்று இருப்பதாக உன் அண்ணி சொல்கிறாள். அதை அனுப்பிவை. முகவரி முத்திரையை இன்னும் பெரிதாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் எல்லா நலமும் சேரட்டும். தொண்டைக்கு வெந்நீர் குடி. குறைவில்லாத அன்போடும், ஒரு மில்லிமீட்டர்கூட வளையாத கழுத்தோடும்,

உன் அண்ணன்.

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்தில் மாப்பிள்ளை வந்தார். கையில் உத்தரவு. பெரியவர் தன்னை அறைக்குள் கூப்பிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார், ஏனென்று தெரியவில்லை, நடுவில் மழையைப் பற்றி வேறு சொன்னார் என்று திகைத்துப்போய்ச் சொன்னார். பேசாமல் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடி லாரி வரைக்கும் படித்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். “மச்சான், அது இவர் இல்ல. இவருக்கு முன்னாடி இருந்த மேனேஜர். அந்த மெமோவோட அவர் வேலையை விட்டுட்டுப் போனாரு. இவர் அதுக்கப்புறம்தான் வந்தாரு. அட்டையில தேதி போட்டிருந்தேனே” என்றார். போட்டிருந்தார்தான். அடியின் ஓரத்தில். நான் வெட்டிய மூன்று மில்லிமீட்டரில் போய்விட்டது. பெரியவருக்கு அந்த மழை எப்படி ஞாபகம் வந்தது என்று நாங்கள் மூன்று பேரும் ஒரு மணி நேரமாக யோசிக்கிறோம். அவர் பொய் சொல்லவில்லை, அது மட்டும் நிச்சயம். அந்த முகத்தை நான் பார்த்தேன். பார்த்தவனுக்கு இதை அவரிடம் போய்ச் சொல்ல மனசு வராது. ஆகையால் நீ கேட்டபடி, எழுத்துப்பூர்வமாக, என்னை மன்னித்துவிடு. இரண்டாவது தகரப் பெட்டியை அனுப்பாதே. இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துப் போடு. கிழிக்க மனம் வராவிட்டால் எனக்கே திருப்பி அனுப்பு. தாள் நல்ல கனம்.